எங்கள் ஊர்க் குதிரை

திண்டிவனத்தில் குதிரைக் கண்காட்சி நடந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. நடந்தது. ஐம்பதுகளின் கடைசியில், சந்தை மைதானத்தில் பந்தல் போட்டு, பேண்டு வாத்தியம் வைத்து, ஒலிபெருக்கி கட்டி நடந்தது. பரிசுச் சான்றிதழ்களையெல்லாம் எழுதியது நான்தான். அப்போது ஊரில் அழகாக எழுதத் தெரிந்த டீச்சர் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால் நான் அடைந்த நன்மை ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகை உறையிலிருந்து கருமாதிக் கடிதம் வரை என் தலையில் வந்து விழும், அவ்வளவுதான்.

முந்தின வருஷம் விழுப்புரத்துக்காரர்கள் ஒரு மாட்டுக் கண்காட்சி நடத்தியிருந்தார்கள். அது எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. விழுப்புரத்தானுக்கு ஏற்கெனவே ஜங்ஷன் என்கிற கொழுப்பு. எந்த ரயிலும் அங்கே நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகும் என்று அவர்கள் அலட்டிக்கொள்வதைக் கேட்கச் சகிக்காது. அவன் மாடு காட்டினால் நாம் குதிரை காட்ட வேண்டும் என்று எங்கள் அரிசி மில் முதலாளி சொன்னார். உடனே கண்காட்சிக் கமிட்டி ஒன்று உண்டாயிற்று. அவரே தலைவர். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தாளாளரும் அவர்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

கமிட்டியின் கொள்கை ஒற்றுமை. தெருவுக்கு ஒருவர், சாதிக்கு ஒருவர், கடைவீதியில் பக்கத்துக்கு ஒருவர் என்று பொறுக்கி எடுத்துச் சேர்த்தார்கள். இத்தனை பேரில் குதிரை வைத்திருந்தவர் தலைவர் மட்டுமே. ஊரில் இருந்த மற்ற குதிரைகள் எல்லாம் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரர்களுடையவை. அவர்களில் ஒருவரைக்கூடக் கமிட்டியில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. நோட்டீசில் யார் பெயரை முதலில் போடுவது என்று மூன்று கூட்டம் சண்டை நடந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்ற நிலைக்கு வந்தபின், பெயர்களை வட்டமாக அச்சடிப்பது என்று முடிவாயிற்று. வட்டத்துக்கு ஏது முதல், ஏது கடைசி? படிக்கிறவர்கள் நோட்டீசைக் கையில் பிடித்துச் சுற்றிக்கொண்டே படித்தார்கள். அந்த யோசனை என்னுடையது. அன்று அதில் எனக்குப் பெருமை வேறு.

செஞ்சி, வல்லம், ஒலக்கூர், விழுப்புரம் எல்லாப் பக்கத்திலிருந்தும் குதிரைகள் வந்தன. எண்ணிக்கை போதாமல் ஒரு கோவேறு கழுதையையும் வரிசையில் நிறுத்தினார்கள். அதற்கு ஆறுதல் பரிசு கிடைத்தது, சான்றிதழில் நான் 'குதிரை இனம்' என்று எழுதிச் சமாளித்தேன். முதல் பரிசு தலைவருடைய வெள்ளைக் குதிரைக்கு என்று ஊருக்கே தெரியும். அந்தச் சான்றிதழை எனக்கு முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நானும் எழுதி, தங்க மையால் ஓரம்கூடக் கட்டியிருந்தேன்.

இரண்டு விஷயங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒன்று, வெள்ளைக் குதிரை அதற்கு முன் பேண்டு வாத்தியம் கேட்டதில்லை. முதல் டிரம் அடித்தவுடன் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பெண்கள் பந்தலுக்குள் புகுந்தது. நாங்கள் அலறிக்கொண்டு ஓடினோம். அது ஜமக்காளத்தின் நடுவில் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. தலைவரின் சம்சாரம் வெற்றிலைப் பெட்டியோடு அதன் காலடியில் மாட்டிக்கொண்டார். இரண்டு, சென்னையிலிருந்து வந்த நடுவர். ராணுவத்தில் குதிரை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்த ரயில் தாமதம். அதனால் முதல் பரிசு யாருக்கு என்று அவர் காதில் போட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மனிதர் நேராக மைதானத்தில் இறங்கி ஒவ்வொரு குதிரையாக வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரையின் கழுத்தில் கை வைத்து, இதுதான் என்றார்.

அது ஒரு ஜட்காக் குதிரை. தினமும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற குதிரை. ஏரிக்கரைக்கு அப்பால் காலனியில் இருந்த ஒருவருடையது. செஞ்சிச் சந்தையில் கால் உடைந்த குட்டி என்று யாரோ ஒதுக்கித் தள்ளியதை வாங்கி வந்து, கட்டுப் போட்டு, தன் பிள்ளைகளோடு பிள்ளையாக அவர் வளர்த்தது. அதை வைத்துத்தான் அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். இப்போது எழுதும்போது 'அவர்' என்கிறேன். அன்று அவரை 'அவன்' என்றுதான் சொல்வோம், நேரில் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

நடுவர் அறிவித்ததும் எல்லோரும் தலைவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு விழுப்புரத்துக்காரர்கள் கூட்டம்தான் முதலில் கை தட்டியது. எங்கள் பெரிய மனிதரின் மூக்கு உடைந்த சந்தோஷம் அவர்களுக்கு. அந்தக் கைதட்டல் தலைவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"இது யாரோட குதிர? நம்ம குதிர! நம்ம ஊர்க் குதிர! திண்டிவனத்துக் குதிர!"

ஊர் எழுந்து கத்தியது. நானும் கத்தினேன். அதுவரை அது ஒரு மனிதனுடைய குதிரையாக இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அது ஊர்க் குதிரை ஆகிவிட்டது. தங்க மை ஓரம் கட்டிய சான்றிதழில் தலைவரின் பெயரைச் சுரண்டிவிட்டு, 'திண்டிவனம்' என்று எழுதச் சொன்னார்கள். குதிரைக்காரர் பெயர் எங்கே என்று நான் கேட்டேன். இடம் இல்லை என்றார்கள். நான் மறுபடி கேட்கவில்லை.

போட்டோ எடுத்தார்கள். நடுவில் குதிரை, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தலைவர், இரண்டு பக்கமும் கமிட்டி. குதிரைக்காரரின் நிழல் விழுகிறது என்று அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளித் தள்ளி அவர் போட்டோவுக்கு வெளியே போய்விட்டார். பிறகு காப்பி. எங்களுக்கு டம்ளரில், அவருக்கு ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த தகரக் குவளையில். குதிரைக்கு மட்டும் தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளை அண்டாவில் தண்ணீர் வைத்தார்கள். சாயங்காலம் ஊர்வலம். பிள்ளையார் கோயில் வாசலில் குங்குமம் வைத்தார்கள், தர்கா வாசலில் ஒரு பெரியவர் ஓதிக் கயிறு கட்டினார், சர்ச்சில் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். குதிரை தும்மியது. ஒற்றுமை என்றால் இதுதான் ஒற்றுமை என்று தலைவர் கண் கலங்கினார். முதல் பரிசாகக் கொடுத்த வெற்றிக் கோப்பை பத்திரமாக இருக்கட்டும் என்று மில் ஆபீசுக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் காலை நான் வழக்கம்போல ஸ்டேஷன் வாசலுக்குப் போனேன். குதிரைக்காரர் குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம்.

"இன்னாயா இது, பரிசு வாங்குன குதிரய வண்டில பூட்டறே? ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று தையல்கடைக்காரர் சத்தம் போட்டார்.

"பூட்டாம இன்னா பண்றதுங்க? அதான பொழப்பு."

"ஊரு மானத்த நடுரோட்டுல சவுக்கால அடிச்சிக்கினு போவியா நீ?"

"நான் எப்பங்க அத அடிச்சேன்?" என்றார் அவர். உண்மை. அவர் சவுக்கை நான் ஒரு நாளும் குதிரை மேல் பார்த்ததில்லை. வெறுமனே நாக்கைச் சொடுக்குவார், அது ஓடும்.

அவர் என்னைப் பார்த்து, "ஏறுங்க டீச்சரம்மா, டயமாச்சு" என்றார். நான் ஏறினேன். கடைவீதி முழுவதும் ஆட்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். மத்தியானம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, ஊர்க் குதிரை மேல் சவாரி போகிற அளவுக்கு டீச்சர் பெரிய ஆளாகிவிட்டாரா என்று தாளாளர் கேட்டதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுநாளிலிருந்து நான் வேறு ஜட்காவில் போனேன். அந்த வண்டியின் குதிரைக்கு ஒரு கண் தெரியாது. இரண்டு முறை சாக்கடையில் இறக்கியது. அப்படியும் மாறவில்லை.

மற்றவர்களும் அப்படித்தான். ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் அந்தக் குதிரையிடம் வந்து கழுத்தைத் தடவிக் கும்பிட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போவார்கள். "நம்ம குதிர இழுத்து நாம போறதா? தப்பு தப்பு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். பக்தி ஏகப்பட்டது கிடைத்தது. கொள்ளும் புல்லும்தான் கிடைக்கவில்லை. வண்டி ஓடினால்தானே அவர் புல் வாங்குவார்?

அவர் கமிட்டியிடம் போய்ச் சொன்னார். கமிட்டி கூடியது. ஊர்க் குதிரையை ஊரே காப்பாற்ற வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். வீடுகளில் கோயிலுக்குப் பிடியரிசி எடுத்து வைப்பது போலக் குதிரைக்குப் பிடிக்கொள்ளு எடுத்து வைப்பது என்று ஏற்பாடு. தெருவுக்குத் தெரு தகர டப்பா தொங்கவிட்டார்கள். டப்பா மேல் 'நம் குதிரை, நம் கடமை' என்று எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரம் டப்பாக்களில் கொள்ளு இருந்தது. அடுத்த வாரம் வண்டு விழுந்த பயறும் மல்லாட்டைத் தோலும் இருந்தன. அதற்கடுத்து ஒரு டப்பாவில் கோழி முட்டையிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பெண்கள் வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டு வந்து ஊட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பொங்கல் அதிகமாகி, குதிரை வயிறு உப்பித் தரையில் புரண்டது. அவர் விடிய விடிய அதை நடத்திக்கொண்டே இருந்து காப்பாற்றினார். ஊரார் கண் பட்ட திருஷ்டி என்று சொல்லி, கமிட்டி செலவில் பூசணிக்காய் உடைத்தார்கள்.

ஒரு மாதத்தில் அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவர் வீட்டில் கேப்பைக் களியும் ஒரு வேளையாகக் குறைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவருடைய பெண் என் வகுப்பில்தான் இருந்தாள். மத்தியானம் மற்ற பிள்ளைகள் சாப்பிடும்போது தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். படியேறவில்லை, தெருவிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, ஒரு ஒதவி. நீங்கதான எழுதனீங்க, மொதப் பரிசுன்னு. இப்ப தப்பா குட்த்துட்டாங்க, இது சாதா குதிரதான், வண்டில பூட்டலாம்னு ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. அத வண்டில ஒட்டிக்கினு ஓட்டிக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பரிசு வேண்டும் என்று காலில் விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசை ரத்து செய்யுங்கள் என்று கேட்டு வந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"அப்படியெல்லாம் எழுத முடியாதுப்பா. கமிட்டிதான் முடிவு பண்ணணும்" என்றேன்.

"கமிட்டி பேஜாரே வாணாம் டீச்சரம்மா. நீங்க மறுபடி ஏறுனா போதும். டீச்சரே ஏர்றாங்கன்னு நாலு பேரு ஏறுவாங்க."

"ஊருக்கு எவ்வளவு பெரிய பெருமை தேடிக் கொடுத்திருக்கே. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

இதை நான்தான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய் சுடச்சுட இரண்டு தோசை சாப்பிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அன்று அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், அவர் குதிரையை வண்டியில் பூட்டினார். மனைவி, பிள்ளைகள், அடுப்பு, பாய், ஒரு கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கடைவீதி வழியாகவே விழுப்புரம் ரோட்டில் போய்விட்டார். யார் கத்தியும் நிற்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை நான் ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் அடித்துவிட்டேன்.

விழுப்புரத்திலிருந்து வந்த சேதிதான் ஊரைத் தூக்கிவாரிப் போட்டது. ஜங்ஷன் வாசலில் அந்த வண்டியில் ஏற அடிதடியாம். திண்டிவனத்து மானத்தில் உட்கார்ந்துகொண்டு மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று விழுப்புரத்துக்காரன் நடக்கிற தூரத்துக்கெல்லாம் ஜட்கா வைத்துக்கொண்டு போகிறானாம். கறிக்கடைக்காரர் ஒருவர் மூன்று ஆட்டை ஏற்றிப் போனாராம். ஆடு போனதைத்தான் எங்கள் தலைவரால் தாங்க முடியவில்லை. அவசரக் கூட்டம் போட்டார். குதிரையை மீட்டு வர ஒரு தூதுக்குழு. அதில் தலைவர், மண்டிக்காரர், ஜவுளிக்கடைக்காரர், நான். டீச்சர் சொன்னால் அவன் கேட்பான் என்றார் தலைவர்.

விழுப்புரத்தில் இறங்கி வெளியே வந்தபோது அவர் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது. குதிரை பளபளவென்று இருந்தது. விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. வண்டியின் முன்பலகையில் அவருடைய பெண் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

"ஏம்பா, நீ பண்ணது நல்லாருக்கா? ஊரே தலகுனிஞ்சிக்கினு நிக்குது. ஜல்தியா குதிரய ஓட்டிக்கினு கெளம்பு. புல்லு, கொள்ளு எல்லாம் கமிட்டி பாத்துக்கும்" என்றார் தலைவர்.

விழுப்புரத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஒருவன் விசில் அடித்தான். குதிரைக்காரர் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். பிறகு சொன்னார்:

"வர்றேங்க. சொந்த ஊரு, எனக்கு மட்டும் ஆச இல்லியா? புல்லு கொள்ளு ஒண்ணும் வாணாம். முன்ன மாதிரி டீச்சரம்மா தெனம் என் வண்டில வரட்டும். ஸ்டேசன்லேந்து பள்ளிக்கூடம் வரிக்கும், மார்க்கெட்டு வழியா. வர்றேன்னு இங்கயே மொதலாளி எதிர்ல ஒரு வார்த்த சொல்லட்டும். இப்பவே பின்னால வண்டியக் கட்டிக்கினு வர்றேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, தம்பி படித்துக்கொண்டிருந்தான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எல்லாம் நிஜம்தான். எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசையாக ஞாபகம் வந்தது.

"கமிட்டியில பேசிட்டு எழுதறோம்" என்றேன்.

"சரிங்க டீச்சரம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் என்னை இறக்கிவிட்டுச் சொல்வாரே, அதே குரல். உடனே திரும்பி, "மார்க்கெட்டு, மார்க்கெட்டு" என்று கூவ ஆரம்பித்தார். கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மாள் ஏறி உட்கார்ந்தார். அவர் நாக்கைச் சொடுக்கினார், குதிரை ஓடிற்று.

திரும்பி ரயில் ஏறினோம். தலைவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "நன்றி கெட்ட குதிர. இன்னா டீச்சர், நான் சொல்றது?" என்றார்.

"ஆமாங்க" என்று நான் தலையாட்டினேன்.